தொண்ணூறு சதவீதம், ஆனால் எதில்?

2002 ஜூலையில் வேல்ஸின் கார்டிஃப் நகரில் அலைட் ஸ்டீல் அண்ட் வயர் என்ற உருக்கு நிறுவனம் திவாலானது. ஏ.எஸ்.டபிள்யூ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கார்டிஃபிலும் கென்ட் பகுதியின் ஷியர்னெஸ்ஸிலுமாக ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு வேலை போனது. ஆலை மூடுவதைத் தென் வேல்ஸ் பார்த்துப் பழகியிருந்தது. பழகாதது அதற்கடுத்து வந்த செய்தி. முப்பது, முப்பத்தைந்து வருடம் மாதம் தவறாமல் பென்ஷனுக்குப் பணம் கட்டியவர்களுக்கு அந்தப் பென்ஷனில் பெரும்பகுதி கிடைக்காது என்றார்கள். பிறகு ஸ்பெயினின் செல்சா நிறுவனம் கார்டிஃப் ஆலையை வாங்கி ஓட்டியது. உலை கைமாறியது, பழைய பென்ஷன் கடன் அதனோடு போகவில்லை.

ஏ.எஸ்.டபிள்யூ ஒரு பெயர்தான். 1997-க்கும் 2005-க்கும் இடையில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான கம்பெனி ஓய்வூதியத் திட்டங்கள் இப்படிக் கவிழ்ந்தன. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்று பின்னர் கணக்கிட்டார்கள். அவர்களுக்காக அரசு 2004-இல் ‘நிதி உதவித் திட்டம்’ என்ற ஒன்றை அறிவித்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன்மீதான சண்டை ஓயவில்லை. இழந்த பென்ஷனில் 90 சதவீதத்தை அரசு தருகிறது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் பிரிட்டனிலேயே உண்டு. அந்த 90 எதில் 90 என்று பிரித்துப் பார்க்காதவரை அது நியாயமான கேள்வி போலத்தான் தெரியும்.

முதலில் பணம் எப்படிப் போனது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதி உள்ள தொழிலாளர்களில் பெரும்பாலோரின் பணம் அரசின் கீழுள்ள ஒரே அமைப்பிடம் போகிறது. பிரிட்டனில் அப்படியில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஊழியர்களுக்கென்று தனி அறக்கட்டளை வைத்து, கடைசிச் சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் பெருக்கிப் பென்ஷன் தருவதாக வாக்களித்தது. நிதியில் பற்றாக்குறை வந்தால் கம்பெனி கட்டும். கம்பெனியே இல்லாமல் போனால் யார் கட்டுவது என்பதற்கு 2005 வரை சட்டத்தில் பதில் இருக்கவில்லை.

1991 நவம்பரில் பத்திரிகை முதலாளி ராபர்ட் மேக்ஸ்வெல் கடலில் விழுந்து இறந்தார். மிரர் குழுமத்தின் பென்ஷன் நிதியிலிருந்து அவர் 40 கோடி பவுண்டுக்கு மேல் சுருட்டியிருந்தது பிறகு தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் பிறந்தது 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம். 1997 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நிதியும் குறைந்தபட்சம் இவ்வளவு கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. திருடனுக்குப் பூட்டுப் போட்ட சட்டம் அது. திவாலுக்கு அது எதுவும் செய்யவில்லை. ‘குறைந்தபட்சக் கையிருப்பு’ என்ற அந்த அளவுகோலை ஆக்சுவரிகள் எனப்படும் காப்பீட்டுக் கணிப்பு வல்லுநர்கள் வகுத்தபோது, இன்னும் ஓய்வு பெறாத ஊழியருக்கு முழுப் பென்ஷன் கிடைக்க ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற அளவில்தான் வைத்தார்கள். இது அரசுக்குத் தெரியும். ஊழியருக்குச் சொல்லப்படவில்லை. அரசின் துண்டறிக்கைகளைப் படித்தவர்கள், சட்டப்படி கையிருப்பு இருந்தால் பென்ஷன் பத்திரம் என்றே புரிந்துகொண்டார்கள். அந்த அளவுகோலையும் 1998-இலும் 2002-இலும் மேலும் தளர்த்தினார்கள். அதற்கு முன்பே 1997-இல் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் பென்ஷன் நிதிகளின் பங்கு ஈவுக்கு இருந்த வரிச் சலுகையை நீக்கியது வேறு.

நிதி கவிழ்ந்தால் மிச்சப் பணத்தை யாருக்கு முதலில் தருவது என்றும் அதே சட்டம் வரிசை வகுத்தது. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் முதலில். அவர்களுக்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் தரும் பத்திரங்களைக் காப்பீட்டு நிறுவனங்களிடம் வாங்கிய பின் மிஞ்சியது மற்றவர்களுக்கு. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பத்தாண்டு வேலை பார்த்துவிட்டு ஆலை மூடுவதற்கு முந்தைய மாதம் ஓய்வு பெற்றவருக்கு முழுத் தொகை. நாற்பது ஆண்டு வேலை பார்த்து அடுத்த மாதம் ஓய்வு பெறவிருந்தவருக்குச் சில்லறை. ஏ.எஸ்.டபிள்யூ ஊழியர்கள் தொடுத்த வழக்கில், ஒருவருக்கு உரிய பென்ஷனில் 20 சதவீதமும் இன்னொருவருக்கு 49 சதவீதமுமே தேறும் என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன் இருந்தது.

இவர்கள் பேராசைப்பட்டு ஆபத்தான முதலீட்டில் பணம் போட்டவர்கள் கிடையாது. 1988 ஏப்ரல் வரை, கம்பெனித் திட்டத்தில் சேருவதை வேலைக்கான நிபந்தனையாகவே முதலாளி வைக்க முடிந்தது. பலர் அரசின் கூடுதல் ஓய்வூதியத்திலிருந்து விலக்கப்பட்டுத்தான் கம்பெனித் திட்டத்தில் சேர்க்கப்பட்டார்கள். அதற்கு ஈடாகத் தேசியக் காப்பீட்டுச் சந்தா குறைக்கப்பட்டது. ஆக, கம்பெனித் திட்டம் கவிழ்ந்தபோது அரசு தந்திருக்கக்கூடிய ஒரு பகுதியும் சேர்ந்தே போனது. அரசுக்கு இதில் பொறுப்பு இல்லை என்ற வாதம் எனக்கு இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

அரசுக்கு அப்படித் தோன்றவில்லை. 2004 மே 14 அன்று திட்டத்தை அறிவித்தபோது ஒதுக்கிய தொகை 40 கோடி பவுண்டு, அதுவும் இருபது ஆண்டுகளுக்கு. வருடத்துக்கு இரண்டு கோடி. அந்தத் தொகைக்குள் அடங்கும்படி ஆட்களைக் குறைத்தார்கள். அன்றைய தேதியில் ஓய்வு வயதுக்கு மூன்று ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் 80 சதவீதம். மூன்று ஆண்டும் ஒரு வாரமும் மிச்சமிருந்தவருக்கு எதுவுமில்லை. உச்சவரம்பு வருடத்துக்கு 12,000 பவுண்டு. வாரத்துக்குப் பத்து பவுண்டுக்குக் கீழே வந்தால் அதுவும் கிடையாது. அறுபது வயதில் ஓய்வு என்று தன் கம்பெனி சொல்லியிருந்தாலும் அறுபத்தைந்து வரை காத்திருக்க வேண்டும். மொத்தத்தில் பயன்பெறக்கூடியவர்கள் ஏறத்தாழ 15,000 பேர்.

எவ்வளவு இழந்தார்கள் என்று கணக்கெடுத்து அதற்கேற்பப் பணம் ஒதுக்குவது ஒரு முறை. எவ்வளவு தர மனமிருக்கிறது என்று முடிவு செய்துவிட்டு அதற்குள் இழப்பை அடக்குவது இன்னொரு முறை. பிரிட்டன் அரசு இரண்டாவதை எடுத்தது. பின்னால் வந்த குறைகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்பது என் வாதம். பின்னாளில் தொகை பெருகியது, முறை மாறவேயில்லை.

தொகை பெருகியதும் தானாக நடக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் ‘பென்ஷன்ஸ் ஆக்‌ஷன் குரூப்’ என்று திரண்டார்கள். பென்ஷனை உருவிவிட்டார்கள் என்று காட்டுவதற்காக ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் பொது இடத்தில் சட்டையைக் கழற்றி நின்று பத்திரிகைகளில் இடம் பிடித்தார்கள். ஓய்வூதிய வல்லுநர் ராஸ் ஆல்ட்மன் அவர்களுக்காகக் கணக்குப் போட்டார், எழுதினார், அமைச்சர்களிடம் வாதாடினார். (பிற்பாடு அவரே ஓய்வூதிய அமைச்சரானார்.) நூற்றுக்கணக்கான புகார்கள், அரசு நிர்வாகத்தின் மீதான புகார்களை விசாரிக்கும் நாடாளுமன்ற ஆம்பட்ஸ்மன் ஆன் ஆபிரகாமிடம் போயின.

2006 மார்ச்சில் வந்த ஆபிரகாமின் அறிக்கை இந்த விவகாரத்தின் முதுகெலும்பு. பென்ஷன் பாதுகாப்பு பற்றி அரசு வெளியிட்ட தகவல்கள் முழுமையற்றவை, சில சமயம் தவறானவை, மக்களைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடியவை என்று அவர் தீர்ப்பளித்தார். நிர்வாகக் கேடு என்றே பதிவு செய்தார். இழந்த பென்ஷனை முழுமையாக மீட்டுத் தர வழி உண்டா என்று அரசு பரிசீலிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். அரசு மறுத்துவிட்டது. ஆயிரம் கோடி பவுண்டுக்கு மேல் ஆகும் என்றது. பல பத்தாண்டுகளில் தர வேண்டியதை ஒரே மூட்டையாகக் கட்டிக் காட்டினால் எந்தத் தொகையும் பயமுறுத்தும். முதலில் அறிவித்த 40 கோடியும் இருபதாண்டு மூட்டைதான் என்பதைச் சேர்த்துப் படித்தால், கொடுக்கும்போதும் மறுக்கும்போதும் ஒரே உத்தி இருவேறு வேலைக்குப் பயன்பட்டது புரியும்.

மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2007 பிப்ரவரியில் உயர் நீதிமன்றமும் 2008 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும், தகவல்கள் தவறாக வழிநடத்தின என்ற ஆம்பட்ஸ்மன் முடிவை அமைச்சர் நிராகரித்தது செல்லாது என்றன. ஆனால் அந்தத் தவறுதான் எல்லா இழப்புக்கும் காரணம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அரசு அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டது. இடையில் 2007 ஜனவரி 25 அன்று, கம்யூனிட்டி, அமிக்கஸ் தொழிற்சங்கங்கள் துணை நின்ற ஏ.எஸ்.டபிள்யூ ஊழியர் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முதலாளி திவாலானால் ஊழியர் பென்ஷனைக் காக்க வேண்டும் என்று 1980-லேயே ஐரோப்பிய ஆணை ஒன்று இருந்தது. அது முழுத் தொகைக்கு உத்தரவாதம் கேட்கவில்லை. ஆனால் பாதிகூடத் தேறாத ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று அழைக்க முடியாது என்றது நீதிமன்றம்.

இந்த நெருக்கடிகளால்தான் படிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. 2006-இல் ஓய்வுக்குப் பதினைந்து ஆண்டுக்குள் இருந்தவர்கள் வரை நீட்டினார்கள், வயதுக்கேற்ப 80, 65, 50 சதவீதம் என்று. 2007 மார்ச் பட்ஜெட்டில் வயது வேறுபாடின்றி எல்லோருக்கும் 80. அந்த ஆண்டு டிசம்பரில் 90, உச்சவரம்பு 26,000 பவுண்டு, தன் கம்பெனித் திட்டம் சொன்ன ஓய்வு வயதிலேயே (அறுபதுக்குக் குறையாமல்) பணம். கம்பெனி திவாலாகாமலே சட்டத்தின் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிவிட்டுத் திட்டத்தை மூடிக் கைகழுவிய இடங்களின் ஊழியர்களும் அப்போதுதான் உள்ளே வந்தார்கள். மூன்றரை ஆண்டில் 15,000 பேரிலிருந்து 1,40,000 பேர் வரை திட்டம் விரிந்தது. போராடியவர்களின் வெற்றி இது என்பதில் ஐயமில்லை. அதற்குள் பணத்தைப் பார்க்காமலேயே பலர் இறந்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

இனி அந்த 90.

இது அரசு கூடுதலாகத் தரும் 90 சதவீதம் இல்லை. கவிழ்ந்த நிதியில் உங்கள் பங்காக 60 சதவீதத்துக்குப் பணம் இருந்தால், அரசு மேலே சேர்ப்பது 30 மட்டும். அந்த 60 உங்கள் பணம், உங்கள் சந்தா. மேலும், 2007-க்குப் பின் மிச்சமிருந்த நிதிகளின் சொத்துகள், ஏறத்தாழ 170 கோடி பவுண்டு, ஊழியர்களுக்கென்று தனியே முதலீடு செய்யப்படாமல் அரசுக் கருவூலத்துக்கே போயின. பென்ஷனை அரசு அவ்வப்போது தன் வரவிலிருந்து கொடுக்கும் என்பது ஏற்பாடு. நிர்வாகத்துக்கு அது எளிது; ஆனால் அந்தச் சொத்து வளர்ந்திருந்தால் வந்திருக்கும் லாபத்தில் ஊழியருக்குப் பங்கு இல்லை.

பெரிய ஓட்டை விலைவாசியில் இருக்கிறது. நம் ஊர் அரசு ஊழியருக்கு அகவிலைப்படி இல்லாத பென்ஷன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நிதி உதவித் திட்டத்தில் 1997 ஏப்ரலுக்குப் பின் செய்த சேவைக்குரிய பகுதி மட்டுமே ஆண்டுதோறும் உயரும், அதுவும் அதிகபட்சம் 2.5 சதவீதம். அதற்கு முந்தைய சேவைக்குரிய பகுதி முதல் நாள் எவ்வளவோ சாகும்வரை அவ்வளவே. 1995 சட்டம் விலைவாசி உயர்வைக் கட்டாயமாக்கியது 1997 ஏப்ரலுக்குப் பிந்தைய சேவைக்குத்தான் என்பது அரசு சொல்லும் காரணம். ஆனால் அதற்கு முந்தைய சேவைக்கும் உயர்வு தருவதாகத் தங்கள் விதிகளிலேயே எழுதிவைத்திருந்த கம்பெனித் திட்டங்கள் பல. அந்த வாக்கும் இழப்பின் ஒரு பகுதி. உதவித் திட்டம் அதை இழப்பாகவே எண்ணவில்லை.

இந்தக் கோடு யாரை வெட்டுகிறது? உதவித் திட்டத்தின் ஆட்கள் பெரும்பாலும் 1997-க்கும் 2005-க்கும் இடையில் கவிழ்ந்த திட்டங்களைச் சேர்ந்தவர்கள். எனவே 1997-க்குப் பிந்தைய சேவை ஒருவருக்கு அதிகம் போனால் எட்டு ஆண்டு. ஏ.எஸ்.டபிள்யூ போல 2002-இல் மூடிய இடத்தில் ஐந்தேகால் ஆண்டு. ஒரு கணக்கு போடலாம். முப்பது ஆண்டு சேவை, எதிர்பார்த்த பென்ஷன் வருடத்துக்கு 10,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதம் என்றால் 9,000. அதில் 1997-க்குப் பிந்தைய பங்கு ஏறத்தாழ 1,575 மட்டும். மிச்சம் 7,425 உறைந்து நிற்கும். விலைவாசி சராசரியாக ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறினால், இருபது ஆண்டு கழித்து அந்த 7,425-இன் வாங்கும் சக்தி 4,100 சொச்சம். 2.5 சதவீதம் ஏறிய சிறு பகுதியையும் சேர்த்தால் மொத்தம் இன்றைய மதிப்பில் 5,550-ஐக்கூடத் தொடாது. தொண்ணூறு என்று தொடங்கியது ஐம்பத்தைந்தில் வந்து நிற்கிறது. ஓய்வுக்குப் பின் முப்பது ஆண்டு வாழ்பவருக்கு அது இன்னும் இறங்கும். 2022 அக்டோபரில் பிரிட்டனின் பணவீக்கம் 11.1 சதவீதத்தைத் தொட்டபோது, உறைந்த பென்ஷனில் ஒரே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு கரைந்தது. நீண்ட சேவை செய்தவருக்கே அதிக நட்டம் என்பதுதான் இதில் வினோதம். 1997-க்கு முந்தைய ஆண்டுகள் அவரிடம்தானே அதிகம்.

இதே காலத்தில் 2005 ஏப்ரல் 6 அன்று ‘ஓய்வூதியப் பாதுகாப்பு நிதியம்’ பிறந்தது. அந்தத் தேதிக்குப் பின் திவாலாகும் கம்பெனிகளின் திட்டங்களை அது ஏற்றுக்கொள்ளும். மற்றக் கம்பெனிகளிடம் வசூலித்த தீர்வையும் அதற்குப் பணம் தந்தது. ஓய்வு வயதைத் தாண்டியவருக்கு 100 சதவீதம், மற்றவருக்கு 90. அதிலும் 1997-க்கு முந்தைய சேவைக்கு உயர்வு கிடையாது. இந்தக் குறை இரு தரப்புக்கும் பொது. ஆனால் நிதியம் முதலீடு செய்தது, வளர்ந்தது. 2025 மார்ச்சில் அதன் உபரி 1,400 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. அதன் உச்சவரம்பு வயதுப் பாகுபாடு என்று 2021-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்ததும் அங்கே வரம்பு போனது. உதவித் திட்டத்து ஆட்களுக்கு அந்தத் தீர்ப்பு எட்டவில்லை. அவர்களுக்கென்று உபரியும் இல்லை, நிதியும் இல்லை. கருவூலத்தின் தயவு மட்டும். ஒரே அலுவலகம்தான் 2009 முதல் இரண்டையும் நடத்துகிறது.

வேறு நாடுகள் இதில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டன என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1963-இல் ஸ்டூடிபேக்கர் கார் ஆலை மூடியபோது நடுவயதுத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோருக்குப் பென்ஷனில் ஏறத்தாழ 15 சதவீதம்தான் தேறியது. அந்தக் கசப்பின் நினைவும் சேர்ந்து 1974-இல் சட்டமும் காப்பீட்டுக் கழகமும் உருவாயின. அங்கேயும் விலைவாசி உயர்வுக்குச் சேர்ப்பது எதுவுமில்லை. அயர்லாந்தில் 2009-இல் வாட்டர்ஃபோர்டு கிரிஸ்டல் கவிழ்ந்தபோது, பிரிட்டனின் வழக்கில் தீர்ப்பு வந்து இரண்டாண்டு ஆகியும் அரசு பாடம் படித்திருக்கவில்லை. 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் மறுபடியும் பாதிக்கும் குறைவு போதாது என்றது; அதன் பிறகே பேச்சுவார்த்தை, தீர்வு. பிரிட்டனின் தனிச்சிறப்பு இவற்றில் வேறு விதம். தன் ஆம்பட்ஸ்மன் தவறு என்று எழுதிய பின்னும், தன் நீதிமன்றங்கள் அதை உறுதி செய்த பின்னும், அந்த அரசு கொடுத்த ஒவ்வொரு பவுண்டையும் கருணைத் தொகையாகவே கணக்கில் வைத்தது. கடன் என்று ஒப்புக்கொண்டிருந்தால் வட்டி, நிலுவை, விலைவாசி எல்லாம் தானாகவே பேச்சில் வந்திருக்கும். உதவி என்றால் எதையும் கேட்க முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

வரி கட்டுவோர் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிடக் கூடாது. கம்பெனிப் பென்ஷனே இல்லாத கடை ஊழியரும் துப்புரவுப் பணியாளரும் கட்டும் வரியிலிருந்து, ஒரு காலத்தில் நல்ல பென்ஷன் வாக்குப் பெற்றிருந்தவருக்கு ஏன் முழுதாக ஈடு செய்ய வேண்டும்? முதலாளி தோற்றதற்கு நாடு பிணையா? முதலாளி தோற்றதற்குப் பிணை இல்லை என்றே நானும் சொல்வேன். ஆனால் பத்திரம் என்று அரசு சொன்னதற்கு அரசு பிணை. அந்தச் சொல்லை நம்பி, வேறு சேமிப்பு செய்யாமல், சில சமயம் கூடுதல் பணத்தையும் அதே திட்டத்தில் போட்டவர்கள் இவர்கள்.

2024 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் வேலை மற்றும் ஓய்வூதியக் குழு, 1997-க்கு முந்தைய சேவைக்கும் விலைவாசி உயர்வு தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை ஏற்றார். 2027 ஜனவரி முதல் பாதுகாப்பு நிதியத்திலும் உதவித் திட்டத்திலும் 1997-க்கு முந்தைய பகுதியும் விலைவாசியோடு உயரும், அதிகபட்சம் 2.5 சதவீதம். கால் நூற்றாண்டு கேட்டது கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள், அதில் தவறில்லை.

ஆனால் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். தங்கள் பழைய கம்பெனித் திட்டத்தின் விதிகளில் அந்த உயர்வு எழுதப்பட்டிருந்தவர்களுக்கு மட்டும்தான் இது. விதியில் எழுதாமல், ஆண்டுதோறும் அறங்காவலர்கள் முடிவு செய்து வழக்கமாகக் கொடுத்துவந்த இடங்கள் பல இருந்தன. அங்கிருந்து வந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். உயர்வு இனிமேலுக்குத்தான்: இதுவரை கரைந்ததற்கு நிலுவை இல்லை, அடிப்படைத் தொகையை உயர்த்தித் திருத்துவதும் இல்லை. மேலே பார்த்த கணக்கில், ஐம்பத்தைந்துக்கு இறங்கிவிட்டவர் அதிகம் போனால் அந்த ஐம்பத்தைந்திலேயே நிற்கலாம். விலைவாசி 2.5-ஐத் தாண்டும் ஆண்டுகளில் அவர் அங்கிருந்தும் இறங்குவார். எந்தத் திட்டத்தின் விதியில் என்ன எழுதியிருந்தது என்பதற்கு, மூடி இருபது முப்பது ஆண்டான கம்பெனிகளின் அறக்கட்டளைப் பத்திரங்களைத்தான் புரட்ட வேண்டும். தெளிவில்லாத பத்திரங்களில் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதைச் சட்டத்தில் எழுதிவைக்கும்படி கேட்பதுதான் இப்போது செய்யக்கூடிய முதல் காரியம். அதை ஓய்வூதியருக்குச் சாதகமாக எழுதக் கருவூலத்துக்குப் பெரிதாகச் செலவாகாது.